சுகாதாரத்துக்கும் கல்விக்கும் அரசு செலவிடும் பணம்: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்பட்டதும் பில்லியன் கணக்கில் எண்கள் காதில் விழுகின்றன. அந்தப் பணத்தில் எது நம் வீட்டு மருத்துவமனைக் கட்டணத்திலும் பிள்ளையின் பள்ளிக் கணக்கிலும் வந்து சேர்கிறது, எது நாட்டின் மேம்பாட்டு அளவீட்டில் தெரிகிறது, எது இரண்டிலும் தெரிவதில்லை என்பவை பற்றிய கேள்விகள் இவை. கட்டணங்களும் விதிகளும் 2025 நிலவரப்படி.

மனித மேம்பாட்டுக் குறியீட்டில் சிங்கப்பூருக்கு 0.946 என்கிறார்கள். அந்த எண் எப்படி வருகிறது?

ஐக்கிய நாட்டு மேம்பாட்டுத் திட்டம் 1990 முதல் வெளியிட்டுவரும் குறியீடு இது. பாகிஸ்தானியப் பொருளியல் அறிஞர் மஹபூப் உல் ஹக் முன்னின்று உருவாக்கினார். அமர்த்தியா சென் அதில் பங்களித்தார். ஒரு நாட்டை வருமானத்தால் மட்டும் எடைபோடக் கூடாது, மக்கள் எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள், எத்தனை ஆண்டு படிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அடிப்படை.

2025ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ள சிங்கப்பூர் எண்களை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம். பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள் 83.7. இதற்குக் கீழ் எல்லை 20, மேல் எல்லை 85. ஆகவே 63.7ஐ 65ஆல் வகுத்தால் 0.98. கல்விக்கு இரண்டு எண்கள் உண்டு. இன்று பள்ளியில் சேரும் பிள்ளை படிக்கக்கூடிய ஆண்டுகள் 16.7, இதை 18ஆல் வகுக்க வேண்டும். 25 வயதைக் கடந்தவர்கள் உண்மையில் படித்து முடித்த ஆண்டுகளின் சராசரி 12. இதை 15ஆல் வகுக்க வேண்டும். 0.928, 0.80 என வரும் இவ்விரண்டின் சராசரி 0.864. மூன்றாவதான வருமானத்துக்கு, வாங்கும் திறன் அடிப்படையில் தலைக்கு 75,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் அதை எப்போதோ தாண்டிவிட்டதால் முழு மதிப்பெண், அதாவது 1.

இந்த மூன்றையும் பெருக்கி அதன் கன மூலத்தை எடுத்தால் 0.946. கூட்டிச் சராசரி காணாமல் ஏன் பெருக்குகிறார்கள்? ஒரு துறையில் உள்ள பலவீனத்தை இன்னொன்றின் பலத்தால் மூடிமறைக்க முடியாதபடி செய்யத்தான். 2010இல் இந்த மாற்றம் வந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளின் எண்களை இன்றைய எண்ணோடு நேராக ஒப்பிடுவது தவறு.

அப்படியானால் இந்த ஆண்டு கல்விக்கு இரண்டு பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாக ஒதுக்கினால் குறியீடு ஏறுமா?

அடுத்த ஆண்டில் ஏறாது. பத்து ஆண்டிலும் பெரிதாக ஏறாது. மேலே உள்ள கணக்கைத் திரும்பப் பாருங்கள். வருமானம் இரட்டிப்பானாலும் அங்கே நகர இடமில்லை. ஆயுள் ஓராண்டு கூடினால் குறியீடு 0.951 ஆகும், அதற்குமேல் 85 என்ற கூரை வந்துவிடும். 25 வயதைக் கடந்தவர்களின் சராசரிப் படிப்பு 12இலிருந்து 13 ஆனால் 0.958. அதிக இடம் இருப்பது இந்தக் கடைசி எண்ணில்தான்.

ஆனால் அந்தச் சராசரியைக் கீழே இழுப்பவர்கள் இன்றைய மாணவர்கள் அல்லர். 1950களிலும் 60களிலும் பள்ளிக்குப் போக வாய்ப்பில்லாமல் வேலைக்குப் போன மூத்தவர்களே. இன்று தொடக்கநிலை ஒன்றில் உட்காரும் பிள்ளை இந்த எண்ணுக்குள் நுழைய இன்னும் பதினெட்டு ஆண்டுகள் வேண்டும். வெளிநாட்டில் பட்டம் பெற்று இங்கே குடியேறியவர்களும் சராசரியை உயர்த்துகிறார்கள்; அதில் நம் பள்ளிச் செலவுக்குப் பங்கில்லை. ஆக, ஓர் ஆண்டின் செலவையும் அதே ஆண்டின் குறியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'பலன் இல்லை' அல்லது 'பலன் தெரிகிறது' என்று சொல்லும் கட்டுரைகள் இரண்டுமே நம்பத்தக்கவை அல்ல.

சிங்கப்பூர் உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறது?

2025 நிதியாண்டு மதிப்பீட்டில் சுகாதார அமைச்சுக்குச் சுமார் 21 பில்லியன் வெள்ளி, கல்வி அமைச்சுக்குச் சுமார் 15 பில்லியன். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 730 பில்லியனை ஒட்டி இருப்பதால், முதலாவது ஏறத்தாழ 3 விழுக்காடு, இரண்டாவது 2 விழுக்காடு.

2015இல் இன்ச்சான் நகரில் கூடிய உலகக் கல்வி மாநாடு, உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 விழுக்காடு அல்லது அரசு செலவில் 15 முதல் 20 விழுக்காடு கல்விக்குப் போக வேண்டும் என்று அளவுகோல் வைத்தது. முதல் அளவுகோலில் நாம் பாதிதான். இரண்டாவதில் சுமார் 12 விழுக்காடு, ஓரளவு நெருங்குகிறோம். சிங்கப்பூர் அரசின் மொத்தச் செலவே உற்பத்தியில் ஆறில் ஒரு பங்கை ஒட்டி இருப்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். சிறிய அரசு எதற்குச் செலவழித்தாலும் உற்பத்தி விகிதத்தில் சின்னதாகவே தெரியும்.

இன்னொன்று, வகுப்பறையில் பிள்ளைகள் குறைந்துவருகிறார்கள். மொத்தக் கருவள விகிதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை) 2023இல் 0.97க்கு இறங்கியது. தலையை எண்ணிப் பார்த்தால், ஒரு தொடக்கப்பள்ளி மாணவருக்கு அரசு ஆண்டுக்கு 10,000 வெள்ளிக்கு மேல் செலவிடுகிறது. விழுக்காட்டை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது.

இவ்வளவு குறைந்த விகிதத்தில் இத்தனை நீண்ட ஆயுள் எப்படிச் சாத்தியமானது?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. தவறான பதில் அதிகம் புழங்குவதும் இதற்குத்தான். அயல்நாட்டுக் கருத்தரங்குகளில் 'சிங்கப்பூர் மாதிரி' என்று தொடங்குவோர் முதலில் மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்புக் கணக்கான மெடிசேவைத் தூக்கிக் காட்டுவார்கள். தேதிகளைப் பாருங்கள். 1965இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 26 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். மெடிசேவ் அறிமுகமான 1984இல் அந்த எண் ஏற்கெனவே பத்துக்குக் கீழே வந்திருந்தது. இன்று சுமார் இரண்டு. பெரிய இறக்கம் சேமிப்புக் கணக்குக்கு முன்பே நடந்துவிட்டது.

அந்த இறக்கத்தைத் தந்தவை மலிவான, எல்லாருக்கும் பொதுவான காரியங்கள். 1960இல் காசநோயைக் கண்டுபிடிக்கப் பெருந்திரள் எக்ஸ்ரே இயக்கம் நடந்தது. 1962இல் தொண்டை அடைப்பான் தடுப்பூசி கட்டாயமானது. தாய் சேய் நல மருந்தகங்கள் வட்டாரந்தோறும் இயங்கின. பிரசவம் பயிற்சி பெற்றவர்களின் கைக்கு வந்தது. அதே 1960இல் தொடங்கிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மக்களைக் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள வீடுகளுக்கு மாற்றியது. இவற்றில் பல சுகாதார அமைச்சின் கணக்கில் வராத செலவு. வீடமைப்பு, தண்ணீர், சாக்கடை எல்லாம் வேறு தலைப்புகளின் கீழ் எழுதப்பட்டன. 'சுகாதாரச் செலவு' என்ற ஒற்றை வரியை மட்டும் வாசித்தால் சிங்கப்பூர் மாயவித்தை செய்ததுபோல் தோன்றும்.

பள்ளிகளிலும் இதே வரிசைதான். அறுபதுகளில் எண்ணிக்கைக்கே முதலிடம்: வேகமாகக் கட்டடங்கள், காலை ஒரு குழு, பிற்பகல் ஒரு குழு என இரு நேரப் பள்ளி. 1979இல் துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழுவின் அறிக்கை, பாதியில் நின்றுவிடும் மாணவர்களின் எண்ணிக்கையைச் சுட்டிக்காட்டிய பிறகே தரத்தின் பக்கம் பணம் திரும்பியது. கட்டாயக் கல்விச் சட்டம் நடப்புக்கு வந்தது 2003இல். அதற்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் இருந்தார்கள்.

மூன்றாவது காரணத்தை யாரும் விரும்பிச் சொல்வதில்லை. அப்போது நாடு இளமையாக இருந்தது. இளையோர் நிறைந்த நாட்டில் மருத்துவச் செலவு குறைவாக இருப்பது நிர்வாகத் திறமையால் மட்டுமல்ல. 2030க்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தொட்டவராக இருப்பார். பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் ஏறியதற்கு அரசு சொன்ன முதன்மைக் காரணமே மூப்படையும் மக்கள்தொகையின் மருத்துவச் செலவுதான். அந்தப் பழைய விகிதம் திரும்பி வராது.

நிறையச் செலவழித்தால் நிறைய ஆயுள் கிடைக்கும் என்பது பொய்யா?

ஓர் எல்லை வரை மெய். அமெரிக்கா தனது உற்பத்தியில் சுமார் 17 விழுக்காட்டை (அரசும் தனியாரும் சேர்ந்து) மருத்துவத்தில் போடுகிறது. 2023இல் அங்கே சராசரி ஆயுள் 78.4. இங்கே, உள்நாட்டுக் கணக்கின்படி, 83. இலங்கை 1945 முதல் இலவசக் கல்வி தந்து, வட்டார மருத்துவமனைகளைக் கட்டணமின்றி நடத்தி, மிகக் குறைந்த வருமானத்திலேயே ஆயுளை 75க்கு மேல் கொண்டுபோனது. முதல் வெள்ளி தடுப்பூசிக்கும் தாய்நலத்துக்கும் போகும்போது கிடைக்கும் ஆண்டுகள், ஆயிரமாவது வெள்ளி கடைசி மாதச் சிகிச்சைக்குப் போகும்போது கிடைப்பதில்லை.

மெடிசேவில் இருப்பது அரசுப் பணமா?

இல்லை. அது உங்கள் சம்பளம். மத்திய சேம நிதிச் (மசே நிதி) சந்தாவில் வயதுக்கேற்ப சம்பளத்தின் 8 முதல் 10.5 விழுக்காடு அதற்குப் போகிறது. அரசு செலவு என்பது மானியம், கட்டணம் கட்ட வழியில்லாதவர்களுக்கான மெடிஃபண்ட், மூத்தோருக்கான முன்னோடித் தலைமுறை மற்றும் மெர்டேக்கா தலைமுறைத் தொகுப்புகள், காப்புறுதிச் சந்தாவுக்கான உதவித்தொகை ஆகியவை. மெடிஷீல்டு லைஃப் (2015 நவம்பரிலிருந்து எல்லாக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டாயம்) காப்புறுதி. சந்தாதாரர்களின் பணம் ஒரு தொட்டியில் சேர்ந்து, நோயுற்றவருக்குப் போகிறது. நாடுகளை ஒப்பிடும்போது இந்த மூன்றையும் குழப்பிவிடுகிறார்கள். பிரிட்டனில் வரியாகப் போகும் பணத்தின் ஒரு பகுதி இங்கே சேமிப்பாகப் போகிறது. விகிதம் குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மருத்துவமனைக் கட்டணத்தில் அரசுப் பணம் எந்த இடத்தில் நுழைகிறது?

முதல் படியிலேயே. ஒரு கற்பனைக் கணக்கு: மானியம் அதிகமுள்ள சி வார்டில் மானியத்துக்கு முந்திய கட்டணம் 12,000 வெள்ளி, நோயாளிக்கு 70 விழுக்காடு மானியம் என்று கொள்வோம். 8,400 அங்கேயே கழிந்து மீதம் 3,600. அடுத்து மெடிஷீல்டு லைஃப். காப்புறுதி தொடங்குமுன் நாம் ஏற்கவேண்டிய பிடித்தத் தொகை 2,000 என்று வைத்துக்கொள்வோம் (அது வார்டையும் வயதையும் பொறுத்து மாறும், ஒரு காப்புறுதி ஆண்டுக்கு ஒருமுறைதான்). மிஞ்சும் 1,600இல் 10 விழுக்காடு நம் பங்கு, அதாவது 160. காப்புறுதி 1,440 கொடுக்கும். நம் பக்கம் நிற்பது 2,160. அதை மெடிசேவிலிருந்து, வரம்புக்குள், எடுக்கலாம். அதுவும் போதாதென்றால் ரொக்கம். அதற்கும் வழியில்லை என்றால் மெடிஃபண்ட். விண்ணப்பம் மருத்துவ சமூக ஊழியர் மூலம் போகும்.

கவனியுங்கள்: கட்டணத்தைப் பெருமளவு குறைத்தது மானியம்தான், காப்புறுதி அல்ல. ஏ வார்டில் மானியமே கிடையாது. அதே சிகிச்சைக்கு முழுக் கட்டணம் வந்து, மெடிஷீல்டு லைஃபின் வரம்புகளோ பி2, சி வார்டுகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை என்பதால், பெரிய பள்ளம் விழும்.

மானியம் பெறுவதில் மக்கள் எங்கே தவறுகிறார்கள்?

முதல் தவறு, நுழையும் வாசல். அரசு மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரை மானியக் கட்டணத்தில் பார்க்க, அரசின் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதமோ, தனியார் மருந்தகங்களில் மானியம் தரும் சாஸ் திட்டத்தில் உள்ள மருந்தகத்தின் கடிதமோ வேண்டும். 'தெரிந்த டாக்டர்' என்று தனியார் நிபுணரிடம் முதலில் போய், அவர் அனுப்பி அரசு மருத்துவமனைக்குப் போனால் தனியார் நோயாளியாகவே பதிவாகும். பெயர் சொல்லிக் குறிப்பிட்ட மருத்துவரைக் கேட்டாலும் அப்படியே. ஏ, பி1 வார்டில் படுத்து எழுந்தால், பிறகு வரும் வெளிநோயாளர் சந்திப்புகளும் மானியமில்லாத கணக்கில் தொடரும். மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் மருத்துவ சமூக ஊழியரிடம் கேட்க வேண்டும்; தானாக நடக்காது.

இரண்டாவது, முகவரி. மானிய அளவு தலைக்கான குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. ஒரே அடையாள அட்டை முகவரியில் இருக்கும் குடும்ப உறுப்பினர்களின் மொத்த மாத வருமானத்தை, வேலையில்லாத முதியோரையும் பிள்ளைகளையும் சேர்த்த ஆள் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். 6,000 வெள்ளி வருமானம், ஐந்து பேர் என்றால் 1,200. அறை வாடகைக்கு இருப்பவரும் வீட்டுப் பணிப்பெண்ணும் கணக்கில் வரமாட்டார்கள். மணமாகிப் புதுவீடு போன மகன் முகவரியை மாற்றாமல் விட்டால், அவர் சம்பளம் அம்மா அப்பாவின் கணக்கில் ஏறி மானியம் குறையும். மாறாக, உண்மையில் உடன் வாழும் பாட்டியின் அட்டையில் பழைய முகவரி இருந்தால் வகுக்கும் எண் ஒன்று குறையும். வருமானமே இல்லாத வீடுகளுக்கு வீட்டின் ஆண்டு மதிப்பை (வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கக்கூடிய தொகை) வைத்து முடிவு செய்கிறார்கள். தரைவீட்டில் தனியாக இருக்கும் முதியவர் கையில் காசில்லாதபோதும் வசதியானவராகத் தெரிவது இதனால்தான். அப்படிப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம்.

மூன்றாவது, சுயதொழில் வருமானத்தைச் சரியாக அறிவிக்காமல் இருப்பது. ஓராண்டு முன்பு நன்றாகச் சம்பாதித்து இப்போது தொழில் படுத்திருந்தாலும் பழைய எண்ணே பேசும். ஆவணங்களுடன் மறுபரிசீலனை கேட்க வேண்டும்.

பள்ளியில் குடும்பம் உண்மையில் எவ்வளவு கட்டுகிறது?

அரசுப் பள்ளியில் படிக்கும் குடியுரிமை பெற்ற பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளியில் பள்ளிக் கட்டணம் இல்லை. இதரக் கட்டணம் மாதம் 13 வெள்ளிக்கு மேல் போகாது. உயர்நிலைப்பள்ளியில் எல்லாம் சேர்த்து 25 வெள்ளி வரை, தொடக்கக் கல்லூரியில் 33 வெள்ளி வரை. நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவர்களும் இதைவிடப் பல மடங்கு கட்டுகிறார்கள். ஆண்டுக்காண்டு அது ஏறுகிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று பேசும் வீடுகளில் இந்த வித்தியாசமும் கணக்கில் வருகிறது.

ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எடுசேவ் கல்விக் கணக்கில் தொடக்கநிலைக்கு ஆண்டுக்கு 230 வெள்ளி, உயர்நிலைக்கு 290 வெள்ளி அரசு போடுகிறது. பள்ளி நடத்தும் வளப்படுத்தும் திட்டங்களுக்கும் இதரக் கட்டணத்தின் ஒரு பகுதிக்கும் பயன்படுத்தலாம். வெளியில் உள்ள துணைப்பாட நிலையத்துக்கு ஒரு காசும் எடுக்க முடியாது. பயன்படுத்தாத பணம் வீணாவதில்லை: உயர்நிலைக்குப் பின் படிப்புக்கான கணக்குக்கும், முப்பது வயதைத் தாண்டியதும் மசே நிதியின் சாதாரணக் கணக்குக்கும் போகும்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டம் கட்டணம் முழுவதையும் தள்ளுபடி செய்து, பாடநூலும் சீருடையும் இலவசமாகக் கொடுத்து, உணவுக்கும் போக்குவரத்துக்கும் உதவுகிறது. விண்ணப்பத்தைப் பள்ளி அலுவலகத்திலேயே கொடுக்கலாம். வருமான வரம்பைச் சற்றே தாண்டிய குடும்பங்களும் கேட்டுப் பார்ப்பது நல்லது. பள்ளி ஆலோசனைக் குழுவின் நிதியிலிருந்து உதவ வழி உண்டு.

துணைப்பாடச் செலவை ஏன் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை?

அது குடும்பச் செலவு, பொதுச் செலவு அல்ல என்பதால். 2023ஆம் ஆண்டு குடும்பச் செலவு ஆய்வின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஆண்டுக்கு 1.8 பில்லியன் வெள்ளியைத் துணைப்பாடத்தில் போட்டன. கல்வி அமைச்சின் ஒதுக்கீட்டில் எட்டில் ஒரு பங்கு அளவு! 15 வயது மாணவர்களுக்கான 2022 பீசா அனைத்துலகத் தேர்வில் கணிதம் 575, அறிவியல் 561, வாசிப்பு 543 என்று சிங்கப்பூர் முதலிடம் பிடித்ததில் பள்ளியின் பங்கு எவ்வளவு, செவ்வாய், வியாழன் மாலை வகுப்புகளின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. எல்லாப் புகழையும் பொதுச் செலவுக்குக் கொடுப்பது நேர்மையான கணக்கு ஆகாது.

1991இல் அமைந்த சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) இந்த இடைவெளியில்தான் வேலை செய்கிறது. அதன் குறைந்த கட்டணத் துணைப்பாட வகுப்புகளுக்கான பணத்தில் ஒரு பகுதி, இந்தியச் சமூகத்தினரின் சம்பளத்திலிருந்து மாதம் 1 முதல் 30 வெள்ளி வரை மசே நிதி வழி பிடிக்கப்படும் சந்தா. சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பார்த்து 'இது எதற்கு' என்று கேட்பவர்கள், பிள்ளைக்கு அங்கே இடம் இருக்கிறதா என்றும் ஒருமுறை கேட்கலாம்.

பாலர்பள்ளிக்கு ஏன் இத்தனை பணம்?

தொடக்கநிலை ஒன்றில் சேரும்போதே சொல்வளத்தில் பின்தங்கிய பிள்ளையை எட்டு வயதில் மேலே கொண்டுவர ஆகும் செலவு, நான்கு வயதில் ஆவதைவிட அதிகம். அரசு நிதியுதவி பெறும் முதன்மை நடத்துநர்களின் முழுநாள் பராமரிப்புக் கட்டணம் 2025இல், வரிக்கு முன், 640 வெள்ளியாக வரையறுக்கப்பட்டது. வேலைக்குச் செல்லும் தாயின் குடியுரிமை பெற்ற பிள்ளைக்கு 300 வெள்ளி அடிப்படை மானியம். குடும்ப வருமானம் 12,000 வெள்ளிக்குள் என்றால் அதற்குமேல் 467 வெள்ளி வரை கூடுதல். மிகக் குறைந்த வருமானக் குடும்பங்கள் சில வெள்ளிதான் கட்டுகின்றன.

இங்கே சிக்கல் பணம் அல்ல, வருகை. பதிவு செய்த பிள்ளை வாரத்தில் இரண்டு நாள் வராவிட்டால் மானியம் செலவாகும், பலன் சேராது. 2016இல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கிய, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான கிட்ஸ்டார்ட் வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பெற்றோருடன் பேசுவது இதற்காகத்தான்.

ஹெல்தியர் எஸ்ஜி இந்தியர்களுக்கு ஏன் முக்கியம்?

இது நோயை வருமுன் தடுக்கும் அரசுத் திட்டம். நமக்கு அது முக்கியமாகக் காரணம் நீரிழிவு. தேசிய ஆய்வுகளில் இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அதன் விகிதம் சீனர்களைவிடத் தெளிவாக அதிகம். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23இலேயே ஆபத்து தொடங்குகிறது. '25 வரை பரவாயில்லை' என்பது நமக்குப் பொருந்தாது.

2023 ஜூலையில் தொடங்கிய இத்திட்டத்தில் 40 வயதைக் கடந்தவர் ஒரு மருந்தகத்தைத் தேர்ந்து பதிந்துகொள்ள வேண்டும். குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் அங்கே இலவசம். நாட்பட்ட நோய்க்கு மெடிசேவ் பயன்படுத்தும்போது வழக்கமாகக் கட்டவேண்டிய 15 விழுக்காட்டு ரொக்கமும் தேவையில்லை. அடிக்கடி நடக்கும் பிழை: ஒரு மருந்தகத்தில் பதிந்துவிட்டு, பழக்கத்தில் வேறொன்றுக்குப் போவது. சலுகைகள் பதிந்த மருந்தகத்தோடு ஒட்டியவை.

மனித மேம்பாட்டுக் குறியீடு இந்தச் செலவைக் கிட்டத்தட்டப் பார்ப்பதே இல்லை. சிங்கப்பூரர் தம் ஆயுளில் ஏறத்தாழ கடைசிப் பத்து ஆண்டுகளை உடல்நலக் குறைவோடு கழிக்கிறார் என்று மதிப்பிடப்படுகிறது. குறியீட்டுக்கு அந்தப் பத்தும் முழு ஆண்டுகளே. டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் பூங்காவில் நடந்தாலும் ஒரே மதிப்பெண்.

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் ஊழியர்களுக்கு இதில் என்ன?

குடிமக்களுக்கான மானியம் அவர்களுக்கு இல்லை. பொறுப்பு முதலாளியுடையது. 2023 ஜூலை முதல், அனுமதிச் சீட்டு ஊழியருக்கும் நடுத்தரத் திறனாளர்களுக்கான எஸ் பாஸ் ஊழியருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். முன்பு அது 15,000. முதல் 15,000 வெள்ளிக்கு மேற்பட்ட தொகையில் கால் பங்கை முதலாளி ஏற்க வேண்டும். சந்தாவை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. தங்குவிடுதிகளில் இருப்போருக்கு 2022 முதல் அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் உண்டு. மருத்துவ நிலையத்துக்குப் போனால் ஊழியர் கட்டுவது 5 வெள்ளி. வேலையிடக் காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டம் தனி. இரண்டு காப்புறுதியையும் ஒன்றென்று எண்ணி, காயத்தைச் 'சாதாரண நோய்' என்று பதிய விட்டுவிட்டால் இழப்பீடு கைவிட்டுப் போகும். கீழே விழுந்த அன்றே 'வேலையிடத்தில் நடந்தது' என்று மருத்துவரிடம் சொல்லி எழுதவைப்பது அவசியம்.

நாட்டின் உற்பத்தியில் இவர்கள் உழைப்பு முழுதாகச் சேர்கிறது. சிங்கப்பூரின் ஆயுள் புள்ளிவிவரமோ குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. விகிதங்களை வாசிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கும்போது எதில் ஏமாறுகிறோம்?

பெரிய தலைப்பெண்களில். 2014இல் முன்னோடித் தலைமுறை நிதிக்கு 8 பில்லியன், 2019இல் மெர்டேக்கா தலைமுறை நிதிக்கு 6.1 பில்லியன் ஒதுக்கப்பட்டது. அந்தப் பணம் அந்த ஆண்டே செலவாகவில்லை. பல பத்தாண்டுகளுக்கு மெல்ல இறங்கும். ஒதுக்கிய ஆண்டில் செலவு திடீரென உயர்ந்ததுபோலவும் அடுத்த ஆண்டில் வெட்டப்பட்டதுபோலவும் வரைபடம் காட்டும்.

அமைச்சின் தொகையில் நடைமுறைச் செலவும் மேம்பாட்டுச் செலவும் கலந்திருக்கும். மருத்துவமனை கட்டும் ஆண்டில் தொகை கூடும். ஆனால் தாதியருக்கும் மருந்துக்கும் போகும் நடைமுறைச் செலவுதான் அடுத்த முப்பது ஆண்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். விலைவாசியைக் கழிக்காமல் பத்தாண்டு எண்களை ஒப்பிடுவதும் பயனற்றது.

நிதியமைச்சின் இணையத்தளத்தில் ஒவ்வோர் அமைச்சுக்கும் தனி ஆவணம் உண்டு. அதில் நான்கு எண்கள் அடுத்தடுத்து இருக்கும்: முந்திய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் முதல் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. ஒப்பிடுவதென்றால் உண்மைச் செலவை உண்மைச் செலவோடு ஒப்பிடுங்கள். நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குவதால், நாட்காட்டி ஆண்டின் உற்பத்தியோடு வகுக்கும்போது காலாண்டு வித்தியாசம் விழும். தோராய விகிதத்துக்கு அது பரவாயில்லை. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை சண்டைபோட உதவாது.